எடைச் சீட்டும் பேரேடும் பில்லும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்

மண்டிக் கணக்கு மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் 20 வருடத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். மாசி பிறந்துவிட்டால் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் பக்கமெல்லாம் மரம் குத்தகை எடுத்தவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் எடை போட்டு, முன்பணம் கழித்து, மீதிப் பணத்தோடு ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் என் மேசைக்கு எதிரே நிற்பார்கள்.

அவர்களில் ஒருவருக்கு பில் போட மூன்று சீட்டு பார்க்க வேண்டும். எடைச் சீட்டில் மூட்டைவாரியாக எடை இருக்கும். பேரேட்டில் அவர் தை மாதம் வாங்கிப்போன முன்பணமும் பழைய பாக்கியும் இருக்கும். மூன்றாவது, நான் எழுதிக்கொண்டிருக்கிற பில். கொட்டைப்புளியா, கொட்டை எடுத்த புளியா என்று பார்த்துத்தான் விலை போட வேண்டும் என்பதால் சில நாள் குளிர்பதனக் கிடங்கின் இருப்பையும் திறந்து வைத்துக்கொள்வேன்.

பழைய மென்பொருள் விசுவல் பேசிக் 6-ல் எழுதியது. ஒரு பெரிய விண்டோ, அதற்குள் எத்தனை சின்ன விண்டோ வேண்டுமானாலும் திறக்கலாம். உங்கள் பாஷையில் எம்டிஐ. இடது பக்கம் மேலே எடைச் சீட்டு, அதன் கீழே பேரேடு, வலது பக்கம் முழுக்க பில் என்று வைத்திருந்தேன். கண் மட்டும் இடமிருந்து வலம் போகும், கை அடித்துக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலும் எஃப்6-ம் சேர்த்து அழுத்தினால் அடுத்த விண்டோ. எல்லாம் கலைந்துபோனால் மெனுவில் டைல் என்று ஒன்று இருக்கும், அழுத்தினால் பாய் விரித்த மாதிரி வரிசையாக வந்துவிடும். மௌஸைத் தொடாமலே பாதி நாள் ஓடிவிடும்.

போன சீசனுக்கு முன் மென்பொருளை மாற்றினார்கள். புதியது பார்க்க நன்றாக இருக்கிறது, எழுத்தும் பெரிது, பேக்கப்பும் தானாக எடுக்கிறது. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உள்ளே திறப்பதெல்லாம் டேப். மேலே மூன்று டேப் தெரியும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். எடைச் சீட்டைப் பார்த்து எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பில் டேப்புக்கு வந்து அடிக்க வேண்டும். பேரேட்டில் பெயர் தேடினால் அது ஒரு சின்னப் பெட்டியாக முன்னால் வந்து நின்றுகொள்கிறது. அதை மூடாமல் பின்னால் இருக்கிற பில்லைத் தொடவே முடியாது.

பங்குனி மாதம் ஒரு பெரியவர் 14 மூட்டை கொண்டுவந்தார். சீட்டில் மொத்த எடை 862 கிலோ. நான் டேப் மாற்றுவதற்குள் யாரோ கூலிக் கணக்கு கேட்டார்கள், பதில் சொல்லிவிட்டு பில்லில் 826 என்று அடித்தேன். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தும் விட்டேன். அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மடியிலிருந்து சீட்டின் கார்பன் நகலை எடுத்து பில்லோடு சேர்த்து மேசையில் வைத்து, "எட்டு அறுவத்திரண்டுன்னுதானே எடை போட்டவரு சொன்னாரு, இதுல வேற மாதிரி இருக்கேம்மா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

36 கிலோ. எங்கள் ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. அப்படிச் சேர்ந்த சரக்கில் 36 கிலோ குறைந்தால் எத்தனை பேருடைய உழைப்பு போகும் என்று எனக்குத் தெரியும். உடனே திருத்திக் கொடுத்தேன். ஆனால் நகலைப் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேரோ என்ற பயம் இன்னும் போகவில்லை. அன்று இரவு உட்கார்ந்து அந்த வாரத்துப் பில் எல்லாவற்றையும் சீட்டோடு ஒப்பிட்டேன்.

அந்தப் பெரியவர் மேசையில் செய்ததைத்தான் நான் திரையில் செய்யக் கேட்கிறேன். இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகன் பெங்களூருவில் புரோகிராம் எழுதுகிறான். அவனிடம் கேட்டபோது, "அது பழைய முறை சித்தி, இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்ல" என்றான். பழைய முறைதான், எனக்கும் தெரியும். 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-ல் மென்பொருள்களைத் திறக்கும் முதல் திரையான புரோகிராம் மேனேஜரே அப்படித்தான் இருந்தது. அப்புறம் மைக்ரோசாஃப்ட்டே அதிலிருந்து விலகியது. வேர்ட் 2000-லிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் தனி விண்டோ, எக்செல் 2013-ல் அதுவும் அப்படி மாறியது. காரணமும் நியாயமானது. உள் விண்டோவைப் பெரிய விண்டோவுக்கு வெளியே இழுக்க முடியாது, மேசையில் இரண்டு மானிட்டர் இருந்தாலும் இரண்டாவதுக்குத் தனியாக அனுப்ப முடியாது. ஒன்றைப் பெரிதாக்கினால் மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி பேரேடு அழிந்துவிட்டது என்று அழுதே விட்டாள். விண்டோ மெனுவைத் திறந்து, பட்டியலில் அது பத்திரமாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். கன்ட்ரோல் எஃப்4 அழுத்தினால் உள்ளே இருக்கிற ஒன்று மூடும், ஆல்ட் எஃப்4 அழுத்தினால் மொத்த மென்பொருளும் மூடும். அவசரத்தில் இதை மாற்றி அழுத்தாதவர் யாரும் எங்கள் மண்டியில் இல்லை.

ஆகவே பழையதை அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. டேப் இருக்கட்டும். ஒரு டேப்பைப் பிடித்து இழுத்தால் திரை இரண்டாகப் பிரிந்து அது பக்கத்தில் போய் உட்கார வேண்டும். போட்டோஷாப்பில் படங்கள் டேப்பாகவும் திறக்கின்றன, வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கவும் முடிகிறது. கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருள் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. அதில் எல்லாம் தனித்தனி விண்டோவாகச் சிதறிக் கிடந்தன. 2012-ல் வந்த 2.8 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே விண்டோவுக்குள் கொண்டுவரும் வசதியை மெனுவில் வைத்தார்கள். பிடித்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், பழைய முறையில் பழகியவர்கள் அதிலேயே வேலை செய்தார்கள். யார் கையையும் கட்டவில்லை.

விண்டோஸ் மென்பொருளுக்குத் திரை கட்ட மைக்ரோசாஃப்ட் தரும் கருவிகள் இரண்டு உண்டாம், விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப். நீங்கள் எழுதுவது டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் என்றால் உள் விண்டோக்களை அடுக்க ஒரு வரி போதும், லேஅவுட்எம்டிஐ என்று தயாராகவே இருக்கிறது என்றான் அக்கா மகன். டபிள்யூபிஎஃப் என்றால் அந்த வசதி கூடவே வராது, நீங்களாகக் கட்ட வேண்டும். வேலை கூடும்தான். அதற்கான கட்டணத்தைக் கேளுங்கள், முதலாளியிடம் பேசி வாங்கித் தருவது என் பொறுப்பு.

இன்னும் இரண்டு விஷயம். பேரேட்டில் பெயர் தேடும் பெட்டி, பின்னால் இருக்கிற பில்லைப் பூட்டக் கூடாது. தேடிக்கொண்டே பில்லில் அடிக்க முடிய வேண்டும். அப்புறம், எந்த விண்டோ எங்கே, எந்த அளவில் இருந்தது என்பதை மென்பொருள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதுவும் ஆள்வாரியாக. காலையில் நான் திறந்தால் எடைச் சீட்டு இடது மேலே, பேரேடு அதன் கீழே, பில் வலது பக்கம். மதியம், பேரேடு அழிந்துவிட்டது என்று அழுத அந்தப் பெண் வந்து அவள் பெயரில் திறந்தால் அவள் வைத்தபடி.

அடுத்த மாசிக்கு முன்னால் தந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வேலை குறைவு. அப்போது கொண்டுவந்தால் பழைய பில்களை வைத்து முழுக்கச் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன். அந்த 862 கிலோ சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தர்மபுரி புளி மண்டியில் கணக்கு எழுதும் ஒருத்தி