சித்திரையில் கம்போடியா போகும் அம்மிணிக்கு

கண்ணு,

அங்கோர் வாட் பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உன் பெட்டிக்குள் என்ன துணி போகிறது என்பதுதான் கவலை. போனில் காட்டினாயே, பளபளவென்று ஒரு சாட்டின் இரவு உடை, அதைப் பெங்களூரிலேயே வைத்துவிட்டுப் போ. பார்வைக்குப் பட்டு, விலையைக் கேட்டால் பாலியஸ்டர்.

காசிக்குப் போன கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வைகாசி வெயில், ரயிலில் இரண்டு இரவு. சுத்தக் காட்டன் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த நைட்டி. கங்கைக் கரையில் இறங்கும்போது முதுகு முழுக்க வேர்க்குரு. ஊர் திரும்பியதும் ஓரத்தில் இரண்டு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும். இது சுருண்டு உருகி, கடுகு போலக் கறுப்பு மணியாக நின்றது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவளையே ஏமாற்றிவிட்டார்!

எங்கள் லேப்பில் ஒரு கணக்கு சொல்வார்கள். சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் காய்ந்த எடைக்கு 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் வாங்குவது 0.4. அதனால் தூங்குவதற்குப் பருத்திதான். 140 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் 140 கிராம் இருக்கிற சிங்கிள் ஜெர்ஸி என்கிற மெல்லிய பனியன் துணி போதும், இரட்டைப் பின்னலான இன்டர்லாக் கனம். வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டித் தராசில் போடுவோம், 1.4 கிராம் காட்டினால் அது 140. கடையில் தராசு கேட்க முடியாது, உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார். விரல்களின் நிழல் தெரிய வேண்டும்.

நடக்கிற பகலுக்கு மட்டும் வேறு யோசனை. பருத்தியால் சோறு தின்றவள் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாங்கிய வியர்வையைப் பருத்தி சீக்கிரம் விடாது. ராஜஸ்தான் போல வறண்ட ஊர் என்றால் பரவாயில்லை, கம்போடியாவில் காற்றே ஈரம். விடியலில் கோயிலுக்குப் போய்ப் பதினோரு மணி வரை படி ஏறி இறங்கினால், நனைந்த ஜட்டியின் ஓரம் தொடையை அறுத்துவிடும். மெல்லிய நைலானும் இழுபடும் லைக்ரா நூலும் கலந்து, அடிப்பகுதியில் மட்டும் பருத்தி வைத்துத் தைத்ததைப் போட்டுக்கொள். தொடை உரசாமலிருக்க அதே துணியில் ஒரு ஷார்ட்ஸ். அங்கே தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும் என்பார்கள், நீளப் பாவாடைக்குள் அது தெரியாது. மூங்கில் துணி என்று எழுதி இரட்டை விலை கேட்பார்கள். அது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய விஸ்கோஸ்தான். மென்மையாகத்தான் இருக்கும், அந்த விலைக்கு மயங்காதே.

நமக்குச் சித்திரை பிறப்பதை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பிரா போடாதே, நனைந்தால் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தில் போட்டால் தெரியாது. ஸ்பான்ஜ் வைத்தது வேண்டவே வேண்டாம், ஒரு தடவை தண்ணீர் குடித்தால் மறுநாள் மதியம் வரை காயாது. இரவில் அலசியதைத் துண்டுக்குள் சுருட்டி, மேலே ஏறி நன்றாக மிதித்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே போடு.

நேற்றுக் காதர்பேட்டை பனியன் கடைகளுக்குப் போய் ஆறு ஜட்டியும் இரண்டு நைட் பேண்டும் வாங்கினேன். ஏற்றுமதியில் மிஞ்சியது. ஒரு பேண்டில் தையல் விட்டிருந்தது, பக்கத்து வீட்டு ஓவர்லாக் மிஷினில் கொடுத்துப் போட்டுவிட்டேன். லேபிள்களைப் பிரித்துவிட்டேன், இடுப்பில் குத்தும். கூரியர் புதன்கிழமை வரும். வந்ததும் ஒரு முறை துவைத்துவிட்டுப் பெட்டியில் வை.

அம்மா