நார் ஃபேண்டம் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

“போன மாதம் ஒரு எண், இந்த மாதம் வேறு எண். ஃபேண்டம் கெட்டுப்போய்விட்டதா?” என்று, எம்ஆர்ஐ ஸ்கேனரைச் சோதிக்க நாங்கள் செய்து தரும் நார் ஃபேண்டம் (மூளையின் நரம்பிழைகளான ஆக்ஸான்களுக்குப் பதிலாக நார்க்கட்டு வைத்த மாதிரி) பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அநேகமாக இல்லை. முதலில் ஸ்கேன் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள்.

டிஃப்யூஷன் எம்ஆர்ஐ அளப்பது நீர் மூலக்கூறுகளின் அலைச்சலை. சூடு ஏறினால் அதுவும் ஏறும். சுத்தமான நீரின் ஏடிசி (அந்த அலைச்சலைக் காட்டும் எண்) 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 0.0011 சதுர மில்லிமீட்டர், 20 டிகிரியில் 0.0020, 37 டிகிரியில் 0.0030. அறையில் ஒரு டிகிரி மாறினாலே எண் 2 சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் ஃபேண்டத்தை முந்தின நாள் இரவே ஸ்கேன் அறையில் வைத்துவிடுங்கள், ஏசிக்கு நேராக வேண்டாம். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நார்க்கட்டுக்குப் பக்கத்தில் வெறும் நீர்க்குழாய் ஒன்று இருக்கிறதே, அதை வைத்தது இதற்காகத்தான். அதன் எண்ணும் சேர்ந்து நகர்ந்திருந்தால் காரணம் வெப்பமாக இருக்கலாம், அல்லது ஸ்கேனரின் கிரேடியன்ட் (காந்தப்புலச் சாய்வு) அளவீடாக இருக்கலாம். நீர்க்குழாய் சரியாக இருந்து நார்க்கட்டு மட்டும் மாறியிருந்தால் காற்றுக்குமிழியைச் சந்தேகிக்கலாம். குமிழி விஷயத்தில் தவறு எங்களுடையது. ஆரம்பத்தில் நாரை உலர்வாகச் சுற்றிவிட்டு அப்புறம் நீர் ஊற்றினோம். பாலிஎத்திலீன் நீரோடு ஒட்டாது, இடுக்குகளில் காற்று தங்கிவிட்டது. இப்போது நீருக்குள்ளேயே வைத்துச் சுற்றி, வெற்றிடத்தில் காற்றை இழுத்துவிடுகிறோம். பாலிஎத்திலீனை விடாததற்கும் காரணம் உண்டு: அதன் காந்த ஏற்புத்திறன் நீருக்கு நெருக்கம், படம் அதிகம் கோணாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “ஆக்ஸான் விட்டம் சரிபார்க்கப்பட்டது என்று சான்றிதழில் போட்டுத்தாருங்கள்” என்று கேட்கிறார்கள். போட மாட்டோம். எங்கள் நார் ஏறக்குறைய 20 மைக்ரான் தடிமன், உள்ளே கெட்டி. நீர் இருப்பது நார்களுக்கு இடையில் மட்டுமே. மூளையின் ஆக்ஸான்கள் பெரும்பாலும் 1 மைக்ரானை ஒட்டியவை, அவற்றுக்கு உள்ளேயும் நீர் உண்டு. உள்ளீடற்ற நார்களால் செய்தாலும், வழக்கமான ஸ்கேனர்களின் மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா கிரேடியன்டுக்கு 1 மைக்ரான் குழாயும் 2 மைக்ரான் குழாயும் ஒன்றுபோலத்தான் தெரியும். நார் ஓடும் திசை, எஃப்ஏ (நீரின் அலைச்சல் எந்த அளவுக்கு ஒரே திசையில் சாய்ந்திருக்கிறது என்ற எண்), இரண்டு கட்டுகள் வெட்டிக்கொள்ளும் கோணம், ஸ்கேனருக்கு ஸ்கேனர் வரும் வித்தியாசம்: இவற்றுக்கு எங்கள் ஃபேண்டத்தைத் தாராளமாக நம்பலாம்.

பழைய ஃபேண்டம் வைத்திருப்பவர்கள் பி-0 படம் (டிஃப்யூஷன் கிரேடியன்ட் போடாமல் எடுப்பது) ஒன்றை அனுப்புங்கள். நார்க்கட்டில் கரும்புள்ளிகள் தெரிந்தால் செலவில்லாமல் மாற்றித் தருகிறோம். அதுவரை குமிழியை விரட்டுவதாக நினைத்துக் குலுக்காதீர்கள், நார் கலைந்துவிடும்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து