அந்தக் கம்ப்யூட்டரை விற்பது பற்றி

சுங்கை சிப்புட்
5.2.2026

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இனிப்பு நீர் நோய் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் தைப்பூசத்தன்று பால்குடத்தோடு வெயிலில் நடந்துவிட்டு வந்து இரண்டு நாள் கால் வலி. நீ வராதது அவளுக்கு வருத்தம்தான். ஷிப்ட் என்று பாப்பா சொன்னாள். சரி, வேலை என்றால் வேலை. தீபாவளிக்கும் ஷிப்ட்தான்.

பாப்பா இன்னொன்றும் சொன்னாள். உன் பழைய கேமிங் கம்ப்யூட்டர் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுவரச் சொன்னாயாம். கிராபிக்ஸ் கார்டை மட்டும் தனியாகக் கொடுத்தால் எவ்வளவு, மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று இரண்டு விலை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாயாமே. அவள் வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்துமா அவளிடம் சொன்னாய்?

நானே ஈப்போவில் விசாரித்தேன். ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்று நான் சொன்னதுமே கடைப் பையன் சிரித்துவிட்டான். 2014இல் வந்த கார்டு அங்கிள், யார் கேட்பார்கள் என்கிறான். சிப் ஐ5-4460 என்றேன். அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. பெட்டி, மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்துக் கொடுத்தாலும் அங்கே உன் ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்கும்தான் வரும். டேட்டா சென்டரில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்தக் காசு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் சொல்கிறேன், கேட்கவில்லை.

விற்க வேண்டாம். புதுப்பிக்கலாம். ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன், தப்பு இருந்தால் நீ திருத்து. இத்தனை வருஷம் செம்பனை ஆலையில் மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேனாக இருந்தவன், கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் கரண்ட் தெரியும்.

ஆகையால் பவர் சப்ளையிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு விரல் தடிப்புக்குத் தூசு, சிபியூ விசிறியில் பல்லி முட்டை ஓடு. எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பாப்பாவை விட்டு ஒரு விளையாட்டை ஓடவிடச் சொல்லி, மஞ்சள் கம்பியில் மீட்டர் வைத்தேன். 12 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து விழுக்காடு ஏறலாம், இறங்கலாம் என்பது கணக்கு, அப்படியென்றால் 11.4க்குக் கீழே போகக்கூடாது. நமக்கு 11.5 காட்டுகிறது. சும்மா இருக்கும்போது 11.9, விளையாட்டு சூடுபிடித்ததும் மெல்ல மெல்ல இறங்குகிறது. பெட்டியில் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். ஸ்டிக்கர் ஒட்ட யாருக்கும் சர்டிபிகேட் வேண்டாம். நம் ஊர் இடிக்கும் மின்னலுக்கும் அது இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. முதலில் மாற்ற வேண்டியது இதுதான். வேறு எதை வாங்கிப் போட்டாலும் இது ஒருநாள் போகும்போது அதையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அடுத்தது டிஸ்க். அந்த ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் விண்டோஸைத் திறப்பதற்குள் அம்மா தேநீர் கலக்கிக் கொண்டுவந்து விடுகிறாள். சுழலாத வேக டிஸ்க், ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோய் போய்விடும். உன் எச்81 போர்டில் நாலு சாட்டா பிளக்கில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3. டிஸ்க் எந்தப் பிளக்கில் இருந்தது என்று கவனித்தாயா? 3இல். மாட்டியது யார் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தாம் படிவம் படித்த பையன் தனியாக உட்கார்ந்து கட்டிய பெட்டி, முதல் தடவையிலேயே ஓடியது, அதுவே போதும். அன்றைக்கு நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆலையில் எல்லாரிடமும் சொன்னேன்.

ரேம் இப்போது எட்டு ஜிபி. போர்டு பதினாறு வரைதான் ஏற்கும், இரண்டே குழி. பழைய டிடிஆர்3 என்பதால் கைமாறிய சாமான் போதும். எஸ்எஸ்டியும் அதுவும் சேர்ந்து பெரிய தொகை ஆகாது, கையிலிருக்கும் காசுக்கு வாங்கலாம். கையிலிருக்கும் காசுக்கு என்பதை நினைவில் வை. இப்போது எல்லாக் கடையிலும் முதலில் சாமானை எடு, பிறகு மூன்று தவணையில் கட்டு என்கிறார்கள். போனில் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்துவிடுகிறது. அது வேண்டாம்.

கார்டு விஷயத்தில் கடைப் பையனோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. ஆர்எக்ஸ் 6400 எடுங்கள், 53 வாட்தான், தனிக் கம்பிகூட வேண்டாம் என்றான். அது நாலு லேனில், அதாவது நாலே தரவுப் பாதையில் ஓடுகிற கார்டு. நம் எச்81இல் கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐஇ 2.0, மெதுவான பழைய வகை. ஆலைக்குப் பழக்குலை லாரி எத்தனை வந்தால் என்ன, எடைமேடை ஒன்றுதானே, அப்படித்தான் ஆகும். வேண்டாம் என்றேன். ஜிடிஎக்ஸ் 1650 என்றால் பதினாறு லேன், 75 வாட், பெரும்பாலான மாடல்களில் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். இப்போதுள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். 750 டிஐக்கு என்விடியா புது விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருள் தருவதைப் போன அக்டோபரோடு நிறுத்திவிட்டது, அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் அங்கிள் என்று பையன் கேட்டான். என் மகன் கூலாயில் டேட்டா சென்டரில் இருக்கிறான் என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகத்தான் பேசினான்.

பத்து காஜா ஊர்ச் சித்தப்பா முதலில் விற்றது அந்த ரேடியோவைத்தான். பெரிய விலை ஒன்றும் இல்லை அதற்கு. சரி, அதை விடு.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிந்து வைத்தால் இந்த அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், பாப்பா பதிந்துவிட்டாள். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். உன்னுடையது நாலாம் தலைமுறை. சுற்றுவழியில் ஏற்றலாம் என்கிறார்கள். வங்கிக் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் சுற்றுவழி எதற்கு?

ஆக, என்றைக்காவது போர்டு, சிப், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றித்தான் ஆக வேண்டும். ரைசன் 5 5600, அதற்கு ஒரு பி550 போர்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். 65 வாட் சிப், புதுப் பவர் சப்ளைக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் இப்போது அல்ல. ரேம் விலை போன வருஷக் கடைசியிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. மெமரி செய்கிறவர்கள் எல்லாரும் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் தன் குருசியல் ரேமைக் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் சொல்லிவிட்டது. பார், நீ ராத்திரி பகலாகக் காவல் காக்கிற பெட்டிகள்தான் நம் வீட்டுப் பெட்டியின் விலையை ஏற்றிவிட்டிருக்கின்றன. காப்பிக் கடையில் இதைச் சொன்னேன். உன் மகனிடம் சொல்லி நாலு ரேம் கழற்றிவரச் சொல் என்று சிரிக்கிறார்கள். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதற்கு அவ்வளவு தேவையில்லை என்று பிறகு தோன்றியது.

ஆகையால் பொறுத்துச் செய்யலாம். முதலில் பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும். பிறகு கார்டு. விலை இறங்கினால் மற்றது. ஒவ்வொன்றும் காசு சேர்ந்த பிறகு. தவணை வேண்டாம், யாரிடமும் கைமாற்றும் வேண்டாம், அதுவும் முகம் தெரியாதவனிடம் போன் வழியாக வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டருக்காகத்தான் சொல்கிறேன். என் ஊழியர் சேமநிதிப் பணத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு என்றாலும் சரி, வேறு எதற்கு என்றாலும் சரி, அதற்கு வட்டி இல்லை, தேதி இல்லை, காரணமும் எழுதித் தர வேண்டாம். அம்மாவுக்கு அதன் கணக்கு தெரியாது.

மற்ற செய்தி: தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய செம்பனையை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், மறுநடவாம். காந்தி கலாசாலையில் உன்னோடு படித்த அந்த லோரி டிரைவர் மகனுக்கு ஏப்ரலில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது.

சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள் விடுமுறை வருகிறது. உன் மோட்டாரில் அவ்வளவு தூரம் வர வேண்டாம். மோட்டார் இருக்கிறதுதானே? பாப்பாவுக்கு நீ அனுப்பிய படத்தில் வாசலில் காணவில்லை, அதனால் கேட்டேன். இப்போது ஜொகூர் பாருவிலிருந்தே ஈடிஎஸ் ரயில் ஓடுகிறது, கேஎல் சென்ட்ரலில் மாறினால் நம் ஊரிலேயே இறங்கலாம். டிக்கெட்டை நான் இங்கிருந்து எடுத்து அனுப்பிவிடுவேன், தேதியை மட்டும் சொல். நீ வந்தால் பவர் சப்ளையை இருவருமாக மாட்டலாம், அந்தப் போர்டின் முன்பக்கத்துச் சின்னக் கம்பிகள் எனக்குக் கண் தெரிவதில்லை.

ஒன்று மட்டும் உடனே வேண்டும். டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பதற்கு முன்னால் உன் பக்கத்தில் என்னென்ன வைத்திருக்கிறாய், எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்க்க வேண்டும். பாப்பாவின் பெயரில் திறந்தால் உன்னுடையது எதுவும் காட்டவில்லை, உன் கடவுச்சொல் கேட்கிறது. அதை அவளிடம் சொல்லி அனுப்பாதே, எழுத்தில் அனுப்பாதே, அது பாதுகாப்பு இல்லை என்று நீதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய். என்னைக் கூப்பிட்டு உன் வாயால் சொல். பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா தூங்கிவிடுவாள், பாப்பா காதில் எதையாவது மாட்டிக்கொண்டு இருப்பாள். நான் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா