யூனியனில் உன் 258 எங்கே போனது?

அன்புள்ள தம்பிக்கு,

சி மொழியில் ஒரு யூனியன் எழுதி, அதன் இன்ட் (முழு எண்) மெம்பரில் 258 போட்டேன், நடுவில் அதைத் தொடவே இல்லை, பிறகு பிரிண்ட் செய்தால் 263 வருகிறது, கம்பைலரில் பிழையா என்று கேட்டிருந்தாய். கம்பைலர் சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்ட்ரக்ட்டும் யூனியனும் பல மெம்பர்களை ஒன்றாகக் கட்டி வைப்பவை. ஸ்ட்ரக்ட்டில் ஒவ்வொரு மெம்பருக்கும் தனி இடம் உண்டு. யூனியனில் எல்லா மெம்பரும் ஒரே முகவரியில்தான் தொடங்கும், இருப்பதிலேயே பெரிய மெம்பருக்குப் போதுமான இடம்தான் மொத்தமாகக் கிடைக்கும். (அலைன்மென்டுக்காக, அதாவது மெமரியில் முகவரி ஒழுங்காக அமைவதற்காக, கொஞ்சம் கூடலாம். 4 பைட் இன்டும் 5 பைட் கேரக்டர் அரேயும் சேர்ந்த யூனியனுக்கு, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் பொதுவாக 8 காட்டும்.)

சரி, உன் புரோகிராமுக்கு வருவோம். 258 என்பது ஒரு 256, மேலே ஒரு 2. உன் லேப்டாப் லிட்டில் எண்டியன், அதாவது எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பது என்பதால் அது மெமரியில் 2, 1, 0, 0 என்று நான்கு பைட்டாக உட்காரும். அப்புறம் நீ அதே யூனியனின் ஒரு பைட் கேரக்டர் மெம்பரில் 7 எழுதினாய். அது அதே இடத்தின் முதல் பைட்டில்தான் போய் விழும், ஆக இப்போது இருப்பது 7, 1, 0, 0. இரண்டாவது பைட்டில் இருக்கும் 1 என்பது ஒரு 256, கூட 7, கூட்டிப் பார், 263. மற்ற மூன்று பைட்டும் மாறாமல் இருக்கும் என்று சி ஸ்டாண்டர்டு உறுதி தருவதில்லை, அதனால் இதை நம்பி எதையும் எழுதாதே.

இதேபோல யூனியனின் ஃப்ளோட் (தசம எண்) மெம்பரில் 1.0 எழுதி இன்ட்டாகப் படித்தால் 1065353216 வரும். இங்கே எந்த மாற்றமும் நடப்பதில்லை, அதே 32 பிட்டை வேறு வகையாகப் படிக்கிறாய். இப்படிப் படிக்க சி அனுமதிக்கிறது, சி பிளஸ் பிளஸ் அனுமதிக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: கடைசியாக எந்த மெம்பரில் எழுதினாய் என்பதை யூனியன் எங்கும் குறித்து வைக்காது, கம்பைலரும் நினைவூட்டாது, அதைக் கவனிக்கும் பொறுப்பு முழுக்க உன்னுடையது. அதனால் தயவுசெய்து யூனியனைத் தனியாக விடாதே. ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் வைத்து, பக்கத்தில் இப்போது உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) ஒன்றையும் வை. எழுதும்போது இரண்டையும் சேர்த்தே மாற்று, படிக்கும்போது முதலில் ஈனத்தைப் பார்த்து, வகைக்கு ஒரு கேஸ் வைத்து ஸ்விட்ச் போடு. அந்த ஸ்விட்ச்சில் டிஃபால்ட் (எந்த கேஸும் பொருந்தாதபோது ஓடும் பகுதி) எழுதாமல் விட்டு வார்னிங்கை ஆன் செய்து வைத்தால், நாளைக்குப் புது வகை ஒன்றைச் சேர்த்துவிட்டு அதற்கான கேஸை மறந்தாலும் ஜிசிசி கம்பைலர் உனக்குச் சொல்லிவிடும்.

அன்புடன்,
அண்ணன்