அந்த ஒரு வாரம்

ஆசிரியருக்கு,

காமன்வெல்த் பற்றிய தங்கள் கட்டுரை, டொமினியன்களுக்குச் சட்டமியற்றும் சுதந்திரம் தந்த 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தோடு, கனடா, ஆஸ்திரேலியா போன்ற அந்தத் தன்னாட்சி பெற்ற பிரிட்டிஷ் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் விடுபட்டதுபோல் சொல்கிறது. அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை.

1914-ல் பிரிட்டன் போர் அறிவித்ததுமே கனடாவும் போரில் இறங்கியதாகத்தான் பொருள். கனடாவின் தலைநகர் ஒட்டாவாவை யாரும் கேட்கவில்லை. 1939-ல் பிரிட்டன் செப்டம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. கனடா தன் நாடாளுமன்றத்தைக் கூட்டி, விவாதித்து, 10-ஆம் தேதிதான் அறிவித்தது. முடிவு என்னவோ முன்பே தெரிந்ததுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சீஸோ, பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது, அதனால் நாமும் இறங்கிவிட்டோம் என்று செப்டம்பர் 3-ஆம் தேதி இரவே வானொலியில் சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியா வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஏற்றதே 1942-ல், நியூசிலாந்து 1947-ல். கதவைத் திறந்துவிட்டும் வெளியே வர மனமில்லை! அப்போது தனி டொமினியனாக இருந்த நியூஃபவுண்ட்லாந்து கடன் தாங்காமல் 1934-ல் தன்னாட்சியையே திருப்பிக் கொடுத்துவிட்டது.

மெச்சிக்கொள்ளும் கனடாவும்கூட, மாகாணங்களுக்குள் உடன்பாடு எட்டாததால், அரசியல் சட்டத்தின் முக்கியப் பகுதிகளைத் திருத்த 1982 வரை லண்டன் வாசலில்தான் நின்றது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்