காலியாக விட்ட வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கிலாந்தில், உன் லீட்ஸில், வாரம் முழுக்கக் காற்றும் மழையும், ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்தும் தோட்டத்துக்கு ஒரு குருவிகூட வரவில்லை, அதனால் பறவைக் கணக்குத் தாளைக் காலியாக விட்டுவிட்டேன் என்று சொன்னாய். போனில் அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயமில்லை என்று எழுதுகிறேன்.

பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிவிடுகிற குழு அந்த வாரம் வலை விரிக்காதது சரி. மழையில் நனைந்து வலையில் தொங்கினால் பதினோரு கிராம் எடையுள்ள ப்ளூ டிட் குருவியின் உடம்புச் சூடு என்ன ஆகும்? ஆனால் எண்ணுவதற்கு வலை வேண்டாமே. நீ பார்த்தாய், எதுவும் வரவில்லை. அந்தப் பூஜ்யத்தை எழுது. காலியான கட்டத்தைப் பார்க்கிறவருக்குப் பறவை வரவில்லையா, நீ பார்க்கவில்லையா என்று தெரியாது.

எண்ணிக்கையும் வளையமும் சேர்ந்தால்தான் முழு விவரம் கிடைக்கும். தீனித்தட்டில் ஒரு நேரத்தில் பத்து ப்ளூ டிட் தெரியும். காலில் எண் போட்டுப் பார்த்தால், குளிர்காலம் முழுக்க வந்துபோனவை அதைப்போலப் பல மடங்கு என்று புரியும். தலை கறுத்த பிளாக்கேப் குளிரிலும் அங்கே தென்படுகிறதே, அது ஊரிலேயே தங்கிவிட்ட பறவை இல்லை, மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று காட்டியது வளையம்தான். கிரீன்ஃபின்ச் குருவியைத் தொண்டை நோய் தாக்கி, 2006க்குப் பிறகு அது வேகமாகக் குறைந்ததை, வீட்டுத் தோட்டங்களில் வாராவாரம் எண்ணியவர்களின் தாள்கள் காட்டின. அவர்களும் எத்தனையோ சலிப்பான வாரங்களை எழுதியிருப்பார்கள்.

இங்கே சென்னை கொருக்குப்பேட்டையில் ஐப்பசி பிறந்தால் பக்கத்துக் காலி மனைப் புதரில் நாணல் கதிர்க்குருவி ‘சக் சக்’ என்று கத்தத் தொடங்கிவிடும். போன வருஷம் வந்ததேதானா என்று எனக்குத் தெரிய வழியில்லை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாக வளையம் போடுகிறார்கள். மற்றபடி அனுமதி இல்லாமல் இங்கே யாரும் வலை கட்டக் கூடாது, அது நல்லதுதான். என்னால் முடிந்தது எண்ணுவது. முருங்கையில் தேன்சிட்டு, கம்பியில் கரிச்சான், அப்புறம் காக்காய், மைனா எல்லாவற்றையும் எழுதுகிறேன். சாதாரணப் பறவைதானே என்று விட்டுவிட்டால், அது குறைவது கடைசிவரை கண்ணில் படாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததே. கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றதைப் பார்த்து மனசு ஆறவில்லை. அந்த எண்ணெயால் எத்தனை குறைந்தன என்று சொல்ல, முந்தைய குளிர்காலங்களில் யாராவது எண்ணி வைத்திருக்க வேண்டும், ஒன்றும் விசேஷமில்லாத நாட்களிலும். அதிலிருந்துதான் எனக்கு இந்தப் பிடிவாதம்.

2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இந்த முறையும் நான்கு நாள் நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்தால் போதும். நான் மாடியிலும், ஒரு காலை ரெட்டேரிக் கரையிலும் எண்ணப் போகிறேன். அம்மாவும் வருகிறாள்.

நினைவு மங்குவதற்குள் அந்த வாரத்தை எழுதிவிடு: தேதி, காற்று, மழை, எத்தனை நிமிடம் பார்த்தாய், பூஜ்யம். தீனித்தட்டை வாராவாரம் கழுவிக் காயவை; அந்தத் தொண்டை நோய் அழுக்குத் தட்டிலிருந்தும் பரவுகிறது. கழுவும்போது கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா