டைனோசரை அழிக்க முன் அதன் செலவுக் கணக்கைப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வன்னிச் சிறுவர்கள் கணினியில் இரத்தவெறி பிடித்த மிருகங்களோடு விளையாடிக் கெட்டுப்போகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டின் பெயரை அவர் சொல்லாவிட்டாலும் அது சூ ரைக்கூன் 2 என்ற விளையாட்டுத்தான் என்பது படித்தவுடனேயே விளங்கிவிட்டது. எங்கள் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்கும் மேசைக்குப் பக்கத்துக் கணினியில் பின்னேரங்களில் ஓடுவதும் அதுதான். கடிதம் வந்த பிறகு நிர்வாகசபையில் அதை அழித்துவிடலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. அதற்கு முன் ஒரு கணக்கனின் பேச்சையும் கேட்டால் நல்லது. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவன். எதைப் பார்த்தாலும் வரவு எது, செலவு எது என்றுதான் முதலில் கண் போகும்.

முதலாவது, அது சண்டை விளையாட்டே இல்லை. மிருகக்காட்சிசாலை நடத்தும் விளையாட்டு. 2004 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. கூண்டு கட்டவேண்டும், மிருகத்துக்கு ஏற்ற நிலமும் மரமும் போடவேண்டும், தீனி, தண்ணீர், பராமரிப்பாளர், வேலி திருத்துபவர், பார்க்க வருபவர்களுக்குக் கழிப்பறை, வாங்கு எல்லாம் வைக்கவேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு வரவு. கூண்டு முன்னால் வைக்கும் நன்கொடைப் பெட்டி இன்னொரு வரவு. மிருகம் வாடிப்போய் நின்றால் பெட்டியில் காசு விழாது. இதில் இரத்தம் எங்கே இருக்கிறது?

பிரச்சினைக்குரிய மிருகம் ஜிகனோட்டோசோரஸ் என்ற ஊனுண்ணி டைனோசர். இது விளையாட்டோடு வந்ததல்ல. வெளிநாட்டில் யாரோ ஓர் ஆர்வலர் ஆசைக்குச் செய்து இலவசமாகக் கொடுத்த சேர்க்கை. ஒரு பொடியன் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டான். ஆளும் சும்மா ஆளில்லை, நிஜத்தில் 12 மீற்றருக்கு மேல் நீளம், மண்டையோடு மட்டும் ஒன்றரை மீற்றர். அதைப் பார்த்ததும் பொடியள் விளையாட்டில் வைத்திருந்த வரிக்குதிரைகளையும் ஒட்டகங்களையும் விற்றுவிட்டு, இருந்த காசையெல்லாம் அந்த ஒரு கூண்டில் கொட்டினார்கள்.

முதலில் சனம் அள்ளுகொள்ளையாக வந்தது. நன்கொடைப் பெட்டி நிறைந்தது. அப்புறம் தீனிச் செலவு ஏற, அதைச் சமாளிக்க வேலி திருத்துபவர்களை வேலையால் நிறுத்தினார்கள். இந்த விளையாட்டில் வேலி நாளாக நாளாகப் பழுதாகும். மிருகம் பலமென்றால் அதை உடைத்துக்கொண்டும் வெளியே வரும். வந்தது. சனம் கலைந்து ஓடியது, வரவு நின்றது. "ஐயா, இவ்வளவு சனம் வந்ததே, பிறகு எப்பிடிக் காசு முடிஞ்சுது?" என்று அவர்களில் சின்னவன் என்னிடம் கேட்டான். கொப்பியில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போடச் சொன்னேன். கணக்கு எழுதி முடிந்ததும் அவனே விடையைச் சொன்னான்: "வேலிக்காரனை நிப்பாட்டினதுதான் பிழை."

யானை வேலிக்குள் வயல் செய்கிற ஊரில் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மின்வேலி போட்டுத் திறந்துவைக்கும் நாளில் எல்லோரும் வருவார்கள். பிறகு கம்பியில் செடிகொடி படர்ந்து மின் கசிந்துபோகும்போது வெட்டிவிட ஆளிருக்காது. யானையும் சும்மா இராது, மரத்தை முறித்துக் கம்பியில் போட்டுவிட்டுத் தாண்டி வரும். அமைப்பதற்கு ஒதுக்கும் பணம் வேறு, பராமரிக்க ஒதுக்கும் பணம் வேறு என்பதைப் பெரிய ஆட்கள் பலருக்கும் நான் சங்கத்தில் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அதை ஒரு டைனோசர் சொல்லிக்கொடுத்துவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கும் பிடிக்காது. பணம் முடியாத ஒரு முறையும் அந்த விளையாட்டில் இருக்கிறது. அதில் எத்தனை டைனோசரையும் இறக்கலாம், கேள்வியில்லை. கணக்கில்லாத இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு? எங்கள் நிலையத்தில் காசுக் கணக்கு உள்ள முறையில் மட்டும்தான் விளையாடலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். முணுமுணுப்பார்கள். இருந்தும் ஒட்டியது ஒட்டியதுதான்.

இன்னொரு விசயம். இந்தச் சேர்க்கைக் கோப்பு உண்மையில் பெயர் மாற்றிய சிப் (zip) கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. பிள்ளைகளில் பெரியவன் அதைத் திறந்து பார்த்தான். மிருகத்தின் தோல் ஒரு படமாகவும், அதன் குணமெல்லாம் எழுத்தாகவும் எண்ணாகவும் உள்ளே இருக்கின்றன. தோலின் நிறத்தை மாற்றி எங்கள் குளத்து முதலையின் நிறத்தில் ஒன்று விட்டிருக்கிறான். அது கொஞ்சம் அவலட்சணம்தான். ஆனால் ஒரு விளையாட்டைத் திறந்து உள்ளே கைவைக்கலாம் என்று அவனுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

அந்த மிருகத்தின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்த ஓர் ஆள் அதில் கிடைத்தார். ஆர்ஜென்ரீனாவில் 1993 இல் அதன் எலும்பைக் கண்டுபிடித்த ரூபன் கரோலினி பல்கலைக்கழக ஆளல்ல, ஆசைக்கு எலும்பு தேடித் திரிந்தவர். 1995 இல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தபோது கரோலினி என்பதையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

"எங்கட வன்னியில டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் காலடியில் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. நிலவியலாளர் வன்னியின் பெயரையே வைத்திருக்கும் பாறைத் தொகுதியும் அதில் அடக்கம். அது உருமாறியது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன், டைனோசர்கள் தோன்றியதோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன். வடக்கே யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இதற்கு மறுபக்கம், டைனோசர்கள் அழிந்து 4 கோடி ஆண்டு கழிந்த பிறகு கடலடியில் படியத் தொடங்கியது. ஒன்று முந்திவிட்டது, மற்றது பிந்திவிட்டது. டைனோசர் காலத்துப் படிவுகள் புத்தளத்துப் பக்கம் தப்போவையில் கொஞ்சம் உண்டு, அங்கே கிடைத்தவை செடிகளின் சுவடுகள். எலும்பு வேண்டுமென்றால் குஜராத்துக்குப் போகவேண்டும். நர்மதைப் பக்கத்தில் கிடைத்த ராஜசோரஸ் என்ற ஊனுண்ணிக்கு 2003 இல் பெயர் வைத்தார்கள், நெற்றியில் சிறு கொம்புள்ளது. பொடியள் அடுத்ததாகச் செய்யப் பார்ப்பது அதைத்தான்.

ஆசிரியர் கோபிக்கக்கூடாது, உங்கள் சிறுவர் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அண்மையில் அதில் ரி-ரெக்ஸும் ஜிகனோட்டோசோரஸும் கட்டிப்புரளும் படம் வந்தது. ஒன்று வட அமெரிக்கா, மற்றது தென் அமெரிக்கா. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டு. பிழையைப் பிடித்தது நானல்ல, அந்த "கெட்டுப்போன" பிள்ளைகள். படத்தோடு இடமும் காலமும் இரண்டு வரி போட்டால் பெரிய உதவி.

சென்ற வாரக் கடிதக்காரர் ஒரு பின்னேரம் எங்கள் நிலையத்துக்கு வரலாம், தேநீர் என் பொறுப்பு. வரும்போது வீட்டில் பழைய கிராபிக்ஸ் அட்டை ஏதும் சும்மா கிடந்தால் கையோடு கொண்டுவரட்டும். இப்போதிருக்கும் கணினியில் இரண்டாவது டைனோசரை இறக்கினாலே திரை உறைந்துபோகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்கர்,
ஒட்டுசுட்டான்.